அறுப்பு முடிந்ததும் கிளம்பலாம்

எங்கள் பக்கத்தில் எதற்கு நாள் கேட்டாலும் ஒரே பதில்தான்: அறுப்பு முடியட்டும். பெண் பார்க்கப் போவதா, வீட்டுக்கு வெள்ளை அடிப்பதா, ஆடுகிற பல்லைப் பிடுங்குவதா, எல்லாமே அறுப்புக்கு அப்புறம். பூதலூர் பக்கத்தில் பிறந்து, அங்கேயே விவசாயம் பார்த்து, ஐம்பத்தாறு வயது வரைக்கும் அதைப் பொறுப்பான பேச்சு என்றுதான் நினைத்திருந்தேன். தட்டிக்கழிக்கிற பேச்சு என்று தெரியவந்தபோது தெரிந்து ஒன்றும் ஆகப்போவதில்லை.

என் தம்பி என்னிடம் கேட்டது ஒரு கார் பயணம். குவைத்தில் ஒரு வீட்டுக்கு டிரைவராகப் பத்தொன்பது வருஷம் இருந்தவன். கல்யாணம் ஆகி, ஒத்துவராமல், பிரிந்துபோனவன். பிள்ளைகள் இல்லை. சர்க்கரை கண்ணில் இறங்கியதும் வேலை போய்விட்டது. இரண்டு பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தான். வீட்டில் நான், என் மனைவி, அவன். வரும்போதே வலது கண் போயிருந்தது. இடது கண்ணில் லேசர் வைத்து ஒப்பேற்றிக்கொண்டிருந்தார்கள்.

இத்தனை வருஷம் வண்டி ஓட்டியவனுக்குச் சொந்த ஊர்ச் சாலைகளில் தெரிந்தது திருச்சி விமான நிலையத்திலிருந்து எங்கள் வீடு வரைக்கும் உள்ள ஒரு சாலை மட்டும்தான். லீவில் வருவான், யாராவது கல்யாணம், யாராவது சாவு, திரும்பிப் போவான். நம் பக்கத்துக் கடலைக்கூட விமானத்து ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருக்கிறான். அந்த இடது கண் இருக்கும்போதே தமிழ்நாட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட வேண்டும் என்றான். வேறு எதையும் அவன் என்னிடம் கேட்டதில்லை.

புரட்டாசியில் திருச்சி டாக்டரம்மா இரண்டு விஷயம் சொன்னார். கண்ணுக்குள் எந்த நாளும் ரத்தம் கசியலாம், பார்க்க வேண்டியதையெல்லாம் தள்ளிப்போடாமல் பார்த்துவிடுங்கள் என்பது ஒன்று. கறுப்பாக ஏதாவது மிதந்தாலோ மறைத்தாலோ அன்றைக்கே வந்துவிட வேண்டும், மறுநாள் கூட ஆகாது என்பது இன்னொன்று. நானும் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டினேன். வெளியே வந்து காரில் ஏறியதும் அவனிடம் சொன்னேன், அறுப்பு முடிந்ததும் கிளம்பலாம் என்று. சம்பா நட்டு அப்போதுதான் பச்சை பிடித்திருந்தது.

காரையே அதற்காகத்தான் வாங்கினோம். பட்டுக்கோட்டையில் ஒரு தேங்காய் வியாபாரி ஓட்டிய வெள்ளைக் கார். நான்தான் ஓட்ட வேண்டும். எனக்கு டிராக்டர் பழக்கம். கிளட்சை மிதித்தால் மிதித்ததுதான். அவன் பக்கத்தில் உட்கார்ந்து, இது உழவு இல்லண்ணே, ரோடு என்பான். ஒற்றைக் கண்ணை வைத்துக்கொண்டு என்னைவிட முன்னாடியே பள்ளத்தைப் பார்த்துவிடுவான். எனக்குக் கோபம் வரும்.

ஒரு நோட்டு வாங்கி வைத்துக்கொண்டு தினமும் வழி எழுதினான். முதல் நாள் அதிராம்பட்டினம், அங்கே கடலைப் பார்த்துவிட்டு அப்படியே கடற்கரைச் சாலையில் ராமேஸ்வரம். அப்புறம் தூத்துக்குடி, கன்னியாகுமரி. அங்கிருந்து மேற்கே திரும்பித் தென்காசி, கம்பம், பழனி, பொள்ளாச்சி, ஊட்டி. இறங்கி வந்து பவானி, மேட்டூர். இன்சுலின் கெடாமல் இருக்க ஐஸ் டப்பா. இருட்டுவதற்கு முன்னால் ரூம் போட்டுவிட வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை எனக்கு டீ, அவனுக்குச் சர்க்கரை இல்லாத டீ.

மேட்டூரைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் இருந்தது. எங்கள் வீட்டில் காலையில் பல் விளக்குவதற்கு முன்னால் மேட்டூரில் இன்றைக்கு எத்தனை அடி என்று பார்த்துவிடுவோம். குவைத்திலிருந்து போன் பண்ணினாலும் அவன் முதலில் அதைத்தான் கேட்பான். ஆனால் அந்த அணையை நானும் பார்த்ததில்லை, அவனும் பார்த்ததில்லை, எங்கள் தெருவில் ஒருத்தரும் பார்த்ததில்லை. அதைப் பார்த்துவிட்டு ஆற்றங்கரையோடு வீடு வரைக்கும் வர வேண்டும் என்று எழுதியிருந்தான்.

நோட்டில் முதல் பக்கங்களில் எழுத்து சாதாரணமாக இருந்தது. கார்த்திகை, மார்கழியில் எழுதிய பக்கங்களில் ஒரு பக்கத்துக்கு நாலு வரிதான். தாள் என்ன சும்மாவா வருகிறது, இந்தக் கணக்கில் போனால் ஊட்டிக்கு ஏறுவதற்குள் இன்னொரு நோட்டு வாங்க வேண்டும் என்று கேலி செய்தேன். அவனும் சிரித்தான். அதைவிடச் சின்னதாக எழுதினால் அவனால் படிக்க முடியவில்லை என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

நடுவில் போக முடியாமலும் இல்லை. தீபாவளிக்கு அப்புறம் ஒரு வாரம் சும்மாதான் இருந்தேன். மழை வந்தால் வயலில் தண்ணீர் கட்டிக்கொள்ளும், வடிகால் பார்க்க ஆள் வேண்டும் என்றேன். மழை வரவில்லை. மார்கழியில் கதிர் வாங்கும் நேரம், எலி வெட்டும் என்றேன். எலி வெட்டத்தான் செய்தது, நான் பக்கத்திலேயே இருந்தும் வெட்டியது. தைக் கடைசியில் அறுப்பு மிஷினுக்குச் சொல்லிவைத்துவிட்டு, இன்னும் பத்தே நாள் என்றேன். அவன் ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை. நிலம் இரண்டு பேர் பெயரிலும் இருக்கிற கூட்டுப்பட்டா. பாதி அவனுடையது. அவனும் விவசாயி வீட்டுப் பிள்ளைதான், பயிரை விட்டுவிட்டு வா என்று சொல்ல அவனுக்கும் வாய் வராது.

அறுத்த அன்றைக்கே ஒரு வியாபாரி வயலுக்கு வந்து நின்றான். ஈரத்தோடு அப்படியே எடுத்துக்கொள்கிறேன், விலை மட்டும் கொஞ்சம் குறையும் என்றான். கொடுத்திருந்தால் மறுநாள் காலையில் நாங்கள் அதிராம்பட்டினத்தில் இருந்திருப்போம். வரப்பில் தம்பி நின்றுகொண்டிருந்தான். என் பக்கம் பார்த்தான். நான் வியாபாரியைத் திட்டி அனுப்பினேன். மூன்று கிலோமீட்டர் தள்ளியிருந்த அரசுக் கொள்முதல் நிலையத்துக்கு நெல்லை ஏற்றினேன்.

அங்கே எனக்கு முன்னால் பத்துப் பதினைந்து குவியல். என் நெல்லைக் கொட்டிய மூன்றாம் நாள் மழை. மாசியில் யாரும் கேட்காத மழை. அதன்பிறகு நெல் காய்ந்தால்தான் எடை போடுவார்கள். காலையில் தார்ப்பாயை எடுத்து நெல்லைப் பரப்ப வேண்டும், மணிக்கு ஒரு தடவை காலால் கிளறிவிட வேண்டும், மேகம் கறுத்தால் ஓடி ஓடிக் குவித்து மூட வேண்டும். ஆள் இல்லை என்றால் வரிசை போய்விடும். பதினாறு நாள் அங்கேயே கிடந்தேன். மதியத்துக்கு முன்னால் ஒரு தடவை வீட்டுக்கு வந்து குளித்துச் சாப்பிட்டுவிட்டு, அரை மணி நேரத்தில் திரும்புவேன்.

அந்த அரை மணி நேரங்களைத்தான் இப்போது திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். தம்பி கூடத்துக் கட்டிலில் டிவி பக்கம் முகத்தை வைத்து உட்கார்ந்திருப்பான். இன்றைக்கு எத்தனை பேருக்கு எடை போட்டார்கள் என்று கேட்பான். நான் ஈரத்தைப் பற்றியும் மேகத்தைப் பற்றியும் சொல்லிக்கொண்டே சாப்பிடுவேன். அவன் இன்சுலின் பேனாவைத் திருகி, கிளிக் கிளிக் என்று எண்ணி, வயிற்றில் குத்திக்கொள்வான். என் மனைவி அவன் கையில் தட்டைக் கொடுத்து, கூட்டு வலது பக்கம் இருக்கு தம்பி என்பாள். எனக்கு ஊறுகாய் வைக்கவில்லை, அவனுக்கு மட்டும் என்ன இத்தனை உபசாரம் என்று எரிச்சல்தான் வந்தது.

ஒருநாள் கை ஈரமாக இருந்ததால் என் போனை அவன் மடியில் போட்டு, மதியம் மழை இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். அவன் போனைக் கையில் எடுத்தான். கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, இன்னைக்கு இல்லண்ணே என்றான். அதை நம்பி நெல்லை நன்றாகப் பரப்பினேன். மூன்று மணிக்குக் கொட்டித் தீர்த்தது. மறுநாள் வந்து அவனைக் கிழித்துவிட்டேன். ஒரு போனைப் பார்த்துச் சொல்லத் துப்பில்லை, உன்னை நம்பி ஊர் ஊராக வண்டி ஓட்டப் போகிறேனா என்று கேட்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். என் மனைவி அடுப்படிக்குள் போய்விட்டாள்.

பதினாறாம் நாள் எடை போட்டார்கள். வீட்டுக்கு வந்த வேகத்தில் காரை வாசலில் நிறுத்தி, குழாயை இழுத்துக் கழுவினேன். சக்கரத்துக்குக் காற்று அடித்தேன். உள்ளே போய், விடிந்ததும் கிளம்புகிறோம், துணியை எடுத்து வை என்றேன். அவன் சரிண்ணே என்றான். அவ்வளவுதான் சொன்னான். விட்டிருந்தால் மறுநாள் வந்து முன்சீட்டில் உட்கார்ந்தும் இருப்பான்.

என் மனைவிதான் அடுப்படியிலிருந்து வந்து சொன்னாள்.

"அவருக்குக் கண்ணு தெரியலைங்க. பதினோரு நாளாச்சு."

எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம். அவளைப் பார்த்துக் கத்தினேன். பதினோரு நாளாக நீ என்ன செய்துகொண்டிருந்தாய் என்றேன். முன்பு ஒரு தடவை இப்படி மறைத்துத் தானாகவே வடிந்ததாம், இந்தத் தடவையும் வடிந்துவிடும் என்று அவன் சொன்னானாம். நாலாம் நாள் அவள் என்னிடம் சொல்லிவிடுவதாக இருந்தாளாம். அன்றைக்குப் பார்த்து நான் நனைந்த நெல்லோடு மல்லுக்கட்டிவிட்டு வந்து, சோற்றுத் தட்டைத் தள்ளினேனாம். எனக்கு நினைவில்லை.

"அண்ணியத் திட்டாதீங்கண்ணே. நான்தான் சொல்ல வேணாம்னேன். சொன்னா நீங்க போட்டது போட்டபடி வந்துருவீங்க. நெல்லு நனைஞ்சு போயிரும்" என்றான் தம்பி. சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான். நான் நின்ற பக்கம் அது இல்லை.

போட்டது போட்டபடி வந்திருப்பேன் என்று அவன் நம்பினான். எனக்கு அவ்வளவு நிச்சயமில்லை. வந்திருப்பேனா என்று அன்றைக்கு முழுவதும் என்னையே கேட்டுப் பார்த்தேன். பக்கத்துக் குவியல்காரரிடம் சொல்லிவிட்டுச் சாயங்காலம் வரலாம், நாளைக்கு வெயில் வந்ததும் போகலாம் என்றெல்லாம்தான் மனசு சொன்னது. என் லட்சணம் அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் கிளம்பினோம். கடலுக்குப் போகிற பட்டுக்கோட்டைச் சாலையில் இல்லை, செங்கிப்பட்டி வழியாகத் திருச்சிக்கு. அவன் முன்சீட்டில் பெல்ட்டைத் தடவிப் போட்டுக்கொண்டான். நான் கிளட்சை மிதித்தபோது ஒன்றும் சொல்லவில்லை. துவாக்குடி தாண்டியாச்சா என்று ஒரு தடவை கேட்டான். தாண்டியாச்சு என்றேன். அந்தக் காரில் அவனும் நானும் சேர்ந்து திருச்சியைத் தாண்டிப் போனதே இல்லை. நோட்டைப் பின்சீட்டில் யார் வைத்தார்கள் என்று தெரியவில்லை.

டாக்டரம்மா விளக்கைப் போட்டுப் பார்த்தார். எத்தனை நாளாக இப்படி இருக்கிறது என்று கேட்டார். நேத்துலேருந்துதாங்க என்றான். நான் திரும்பி அவனைப் பார்த்தேன். அவன் முகத்தில் ஒன்றுமே இல்லை. ஸ்கேன் எடுத்து வரச் சொன்னார்கள். எடுத்துக்கொண்டு மறுபடி உள்ளே போனபோது டாக்டரம்மா குரல் மாறியிருந்தது. இது நேற்றைய ரத்தம் இல்லை, பழையது, உள்ளே விழித்திரை பிய்ந்து சுருண்டுவிட்டது என்றார். முதல் ஒன்றிரண்டு நாளில் வந்திருந்தால் ஆபரேஷனுக்கு அர்த்தம் இருந்திருக்கும், இப்போது செய்தாலும் வெளிச்சம் இருட்டு தெரிந்தால் அதிகம் என்றார்.

அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

"கூட இருக்கிறது நீங்கதானே? அன்னைக்கே வரணும்னு உங்ககிட்டதானே சொன்னேன். நீங்க கவனிக்கலையா?"

சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன். தினமும் வீட்டுக்கு வந்தேன், அவன் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டேன், பார்வை போனவன் கையில் போனைக் கொடுத்து மழையைப் பார்க்கச் சொன்னேன், சரியாகச் சொல்லவில்லை என்று திட்டினேன் என்று சொல்லியிருக்க வேண்டும். அதற்குள் அவன் முந்திக்கொண்டான்.

"அண்ணன் ஊர்லயே இல்லைங்க. கார் எடுத்துக்கிட்டு வெளியூர் போயிருந்தாங்க. நேத்துதான் வந்தாங்க."

டாக்டரம்மா என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, அதை அப்படியே தாளில் எழுதிக்கொண்டார். நான் திருத்தவில்லை.