ஊர் விலக்கிய வீட்டுக்குத் தண்ணீர்

வாருங்கள் சூசை மச்சான், சுகம்தானா? கால் வலி தேவலையா? விடியற்காலையில் கோயில் மணி விட்டுவிட்டு அடித்தபோதே சாவு மணி என்று தெரிந்துவிட்டது. ரோசம்மா அக்காள் போய்விட்டாள். வெயில் தாழ்ந்ததும் எடுக்கிறார்கள். அதுவரை அவளைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்போம். நீங்கள் கொழும்பில் இருந்த வருஷம் நடந்தது உங்களுக்கு முழுசாகத் தெரியாது.

நம் ஆட்கள் சிலர் பக்கத்து ஊரார் வலையை அறுத்துவிட்டார்கள். அவர்கள் வந்து யார் அறுத்தது என்று கேட்டபோது சந்தியாகு உள்ளதைச் சொல்லிவிட்டான். காட்டிக்கொடுத்தவன் என்று ஊர் அவனை விலக்கியது. அவன் வீட்டுக்கு நெருப்பில்லை, தண்ணீரில்லை, பேச்சில்லை. அவன் பெண்டாட்டி அப்போது பிள்ளை பெற்றுப் படுத்திருந்தாள்.

தண்ணீர் என்றால் ஊற்றுதான். மணலை முழங்கை ஆழம் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும். ஆசைப்பட்டு இன்னும் தோண்டினால் உப்பு. என் மாமனார் ஒருமுறை ஆழமாகத் தோண்டிவிட்டுப் பெண்களிடம் வாங்கிய ஏச்சு இருக்கிறதே... அது கிடக்கட்டும்.

ஒருநாள் அக்காள் தன் குடத்தை நிரப்பிவிட்டு, இன்னொரு குடத்தையும் எடுத்து வைத்தாள். அது யாருக்கென்று அங்கிருந்த பெண்களுக்கெல்லாம் புரிந்துவிட்டது. கை நடுங்கி, தேங்காய்ச் சிரட்டையில் அள்ளியதில் பாதி மணலில் சிந்தியதாம். அன்றே தண்டனை வந்தது. அவள் புருஷன் அந்தோனி அண்ணனின் மீன்பிடி வல்லத்தைக் கடலில் தள்ள யாரும் கை கொடுக்கக் கூடாது என்றார் ஊர்த்தலைவர். நானும் அந்த வல்லத்தில் தொழிலுக்குப் போகிறவன்தான். நாங்கள் இரண்டு பேர் தள்ளி அது நகருமா?

அப்படியும் அக்காள் நாள்தோறும் அந்த இரண்டாவது குடத்தை நிரப்பிக்கொண்டுதான் இருந்தாள். சில நாள் போனதும் அண்ணன் ஊற்றுக்கே வந்துவிட்டார். நானும் பின்னால் போனேன்.

“போதும்டீ. பிள்ளைக பட்டினி கெடக்குதுக. குடத்தை வச்சுட்டு வா.”

அக்காள் நிமிரவில்லை. “ஞாயித்துக்கெழமை பூசையில சாமியாரு சொன்னது உங்க காதுலயும்தான விழுந்துச்சு? நான் தாகமாக் கெடந்தப்ப தண்ணி குடுத்தியான்னு ஆண்டவர் கேப்பாராம். கேக்கயில தலைவரு வந்து எனக்காகப் பேசுவாராக்கும்?”

“ஒனக்குப் பயமே இல்லையா?”

“இருக்கு. ஈரக்குலை நடுங்குது. நடுங்கிக்கிட்டே அள்ளக் கூடாதா?”

 அண்ணன் குனிந்து நிறைந்த குடத்தைத் தூக்கித் தோளில் வைத்தார். நம் ஊரில் ஆண்பிள்ளை குடம் சுமந்து நீங்கள் பார்த்ததுண்டா? “ஏலே அந்தோனி, சேலையும் கட்டிக்கிட்டுப் போ” என்றாள் ஒரு கிழவி. முதுகில் தண்ணீர் வழிய, திரும்பிப் பாராமல் சந்தியாகு வீட்டுக்கு நடந்தார்.

வல்லம் வாடைக்காற்று மாதங்கள் முடியும்வரை மணலில்தான் கிடந்தது. நாங்கள் தங்கச்சிமடத்துத் தென்னந்தோப்புகளில் கூலிக்குப் போனோம். பிறகு ஊர் தானாகவே இறங்கி வந்து விலக்கை எடுத்தது. செய்தது தப்பென்று மட்டும் ஒருநாளும் சொல்லவில்லை. சந்தியாகு பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது ஞானத்தாயாக நின்றது அக்காள்தான்.

துணிச்சல்காரி என்று காலையிலிருந்து ஆளாளுக்குச் சொல்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. அவளிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது அந்த நடுக்கத்தைத்தான். ஆண்டவருக்குப் பிடித்த ஒன்றைச் செய்யப் போகும்போது ஊர் முகத்தைப் பார்த்து எனக்கும் கை உதறும். உதறட்டும், உதறிக்கொண்டே இந்த ஒரு காரியத்தை மட்டும் செய்துவிடலாமே என்று...

“பெட்டியை மூடப் போறாக, மொகம் பாக்க வாலே” என்று அந்தோனி அண்ணன் கூப்பிடுகிறார்.