எல்லார் வீட்டிலும் விழுந்த இடி

குன்னூரில் நஷ்டஈட்டு மனு எழுதித் தரும் அலுவலகம் ஒன்றில் எழுத்தராக இருந்தேன். என் தமிழ்நடையை நானே ரசித்துக்கொள்வேன். ரசிக்க வேறு ஆள் இல்லை.

வாங்கிய பொருளால் அடிபட்டவர்களுக்குக் கம்பெனியிடம் நஷ்டஈடு வாங்கித் தருகிறோம் என்று முதலாளி எஸ்டேட் எஸ்டேட்டாக ஆள் பிடிப்பார். கொழுந்து எடை போடும் இடத்தில் டீ குடிக்கப் பத்து நிமிடம் விடுவார்கள். அதற்குள் வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கிவிடுவோம். மீதியை அலுவலகத்தில் நான் நிரப்புவேன்.

அந்த வருடம் ஒரு குக்கர் கம்பெனி சிக்கியது. "இடி விழுந்தது போன்ற சத்தத்துடன் குக்கர் வெடித்தது, என் குடும்பமே நிலைகுலைந்தது." முதல் மனுவில் நான் எழுதிய இந்த வரியைப் படித்த முதலாளி எனக்கு டீயும் தொட்டுக்கொள்ள வர்க்கியும் வாங்கித் தந்தார். வர்க்கி தந்த தெம்பில் எல்லா மனுவிலும் அதையே எழுதினேன். குக்கரே இல்லாத வீட்டிலும் இடி விழுந்தது.

மனு போட்டவர்களில் ஒரு பெண்ணுக்கு மட்டும் நிஜமாகவே கை வெந்திருந்தது. இடது கை விரல்கள் ஒட்டிப்போய்க் கொழுந்து பறிக்க முடியவில்லை. கோயம்புத்தூரில் ஆபரேஷன் செய்தால் விரல் பிரியும் என்றார்களாம். அதற்கு நஷ்டஈட்டைத்தான் நம்பியிருந்தாள்.

எங்களைப் போன்ற அலுவலகங்களைக் கண்காணிக்கும் அதிகாரிகள் ஒரு நாள் சோதனைக்கு வந்தார்கள்.

"ஏனுங்க, அத்தன ஊட்லயும் ஒரே இடிதான் விழுந்துச்சுங்களா?"

"மலை ஊருங்க, மழை கொஞ்சம் ஜாஸ்தி" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. அலுவலகத்தைப் பூட்டி சீல் வைத்தார்கள்.

மனு போட்டவர்களை நேரில் விசாரிக்கக் கூப்பிட்டார்கள். எழுதியவன் என்று என்னையும் உட்காரவைத்தார்கள். பொய் மனுக்காரர் ஒருவரும் வரவில்லை. கை வெந்த அந்தப் பெண் மட்டும் வந்தாள்.

"சத்தம் எப்படிம்மா இருந்துச்சு?"

"சத்தமே இல்லீங்க சார். மூடி நகந்துச்சு, ஆவி கையில அடிச்சிருச்சு."

"இதுல இடின்னு இருக்குதே?"

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. கையெழுத்து மட்டுந்தான் போட்டேன்."

மனு ஒன்று சொல்கிறது, மனுதாரர் வேறொன்று சொல்கிறார் என்று எழுதித் தள்ளுபடி செய்தார்கள். புதிதாகப் போடக் கெடு தாண்டிவிட்டது என்று அதிகாரி என்னிடம் மட்டும் சொன்னார்.

வெளியே படிக்கட்டில் அவள் நின்றிருந்தாள். "ஒரு வார்த்த கேட்டிருக்கலாமுங்களே சார்."

டீ நேரமே பத்து நிமிசந்தானே என்று ஒரு ஜோக் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன்.

"வேற எங்கயாச்சும் எழுதிப் பாக்கலாமுங்களா?"

படியில் உட்கார்ந்து பையிலிருந்து தாளை எடுத்தேன். "சொல்லுங்க, என்ன நடந்துச்சு?"

அடுப்பில் வைத்த பருப்பிலிருந்து ஆரம்பித்து நிதானமாகச் சொன்னாள். அவள் சொன்னபடியே எழுதி வாசித்துக் காட்டினேன். "ஆமாங்க, இப்படித்தான்" என்றாள்.

நான் எழுதியதிலேயே நல்ல மனு அதுதான். அனுப்பத்தான் இடமில்லை. அதை அவளிடம் சொல்ல எனக்கு எந்த நடையும் கைகொடுக்கவில்லை.