நிழல் பார்த்து எடுத்த இடம்

பாரிஸ் நகரத்தைப் பார்ப்பதற்காக, அந்த நகரத்திலிருந்து எவ்வளவு தள்ளிப் போக முடியுமோ அவ்வளவு தள்ளி ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்தவன் நான். அவசரத்தில் செய்ததல்ல, இரண்டு மாதம் உட்கார்ந்து யோசித்துச் செய்தது. காரணத்தைச் சொல்ல இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. அங்கே நிழல் இருந்தது.

எண்பதுகளின் நடுப்பகுதி. ஷார்ஜாவில் குடும்பத்தோடு இருந்தேன். ஏ.சி. பொருத்தும் கம்பெனி ஒன்றில் எஸ்டிமேஷன் எஞ்சினியர். பெயர்தான் பெரிது, வேலை, வெயிலுக்குக் கணக்கு எழுதுவது. இந்தச் சுவர் மேற்கே பார்க்கிறதா, இந்த ஜன்னலில் வெயில் எப்போது விழும், உள்ளே எத்தனை பேர் வியர்ப்பார்கள், அவர்களுக்கு எத்தனை டன் ஏ.சி. வேண்டும். வருடக்கணக்காக இதையே செய்தவன் ஒரு கட்டடத்தை அழகு என்றோ அசிங்கம் என்றோ பார்க்க மாட்டான். 'மேற்கே கண்ணாடி வைத்திருக்கிறான், மடையன்' என்றுதான் பார்ப்பான். தாஜ்மஹாலைப் பார்க்கப் போனபோதும், உள்ளே காற்றோட்டம் போதாது என்பதுதான் என் மனதில் பட்டது. அதை உடனே மனைவியிடம் சொல்லியும் தொலைத்தேன்.

தொழில் பாதி என்றால் ஊர் பாதி. வெள்ளிக்கிழமைகளில் நாங்கள் நாலைந்து குடும்பமாகப் புஜைரா பக்கம் பிக்னிக் போவோம். போவது என்றால் மலை பார்க்கவோ கடல் பார்க்கவோ அல்ல, மரம் பிடிக்க. வழியில் முள்மரங்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்கும். விடிந்ததும் கிளம்பி, மற்றவர்கள் வருவதற்குள் ஒரு மரத்தடியில் பாயை விரித்துவிட வேண்டும். பாய் விழுந்தால் மரம் நம்முடையது. பிறகு நாள் முழுக்க அந்த நிழல் நகர நகர, புளியோதரைப் பாத்திரத்தோடு நாங்களும் நகர்வோம். நல்ல மரம் பிடிப்பவன் என்று எனக்கு ஒரு பெயர் இருந்தது. வேறு எதற்கும் பெயர் வாங்காதவனுக்கு அது தலைக்கு ஏறியதில் வியப்பில்லை.

இரண்டு வருடத்துக்கு ஒருமுறை லீவு. ஒவ்வொரு லீவும் திருச்சியில்தான் கழியும். கல்யாணம், காதுகுத்து, யார் வீட்டில் யார் எத்தனை நாள் தங்கினார்கள் என்ற சண்டை. போய்விட்டு வந்தால் லீவுக்கு ஒரு லீவு தேவைப்படும். அந்த வருடம் இருவருமே களைத்திருந்தோம். "இந்தத் தடவை ஊருக்கு வேண்டாம், ஐரோப்பா போவோமா?" என்று சும்மா கேட்டேன். மனைவி ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. சமையலறையில் கேஸ் சிலிண்டருக்கு மேலே ஒரு டிராவல் ஏஜென்சியின் காலண்டர் தொங்கியது. வருடம் முடிந்து நெடுநாளாகியும் அவள் அதைக் கழற்றவில்லை. அதில் பாரிஸ் பாலம் ஒன்று. வானம் கருநீலமாகிற நேரம். பாலத்து விளக்குகள் அப்போதுதான் எரியத் தொடங்கியிருக்கும். ஆற்றில் அத்தனையும் இன்னொரு முறை.

"எனக்கு மியூசியம் கியூசியம் எதுவும் வேணாம்," என்றாள். "இந்தப் பாலத்து மேல நின்னு லைட் போடறதப் பாக்கணும். எங்கம்மாவப் பாக்காம இருக்கேன்ல, அதுக்குப் பதிலா இது ஒண்ணு. வேற எதுவும் கேக்க மாட்டேன்."

அவள் அதற்கு முன்னும் பின்னும் என்னிடம் எதையும் அப்படிக் கேட்டதில்லை.

ஹோட்டலில் தங்கினால் சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்பது அடுத்த கேள்வி. நாங்கள் சைவம். மகள் தயிர்சாதம் இல்லாமல் இரண்டு வேளை தாங்க மாட்டாள். என் மேலதிகாரி ஓர் ஆங்கிலேயர், கோடைதோறும் மோட்டார்ஹோமில் ஊர் சுற்றுகிறவர். படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் வண்டிக்குள்ளேயே இருக்கும், குக்கரைக் கையோடு கொண்டுபோகலாம், ஜெர்மனியில் இறங்கி வாடகைக்கு எடுத்துக்கொண்டு நேராக ஓட்டிவிடலாம் என்றார். வீட்டில் வந்து சொன்னேன்.

"வண்டியை எங்க நிறுத்துவீங்க?"

"அதுக்குன்னே கேம்ப் சைட் இருக்கு."

"கேம்ப்பா?" அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "கல்யாணமான புதுசுல நீங்க சவுதியில, ஜுபைல் லேபர் கேம்ப்ல கிடந்தது போதாதா? இப்போ நானும் வந்து பாத்ரூமுக்கு வாளியோட வரிசையில நிக்கணுமா?"

"இது வேற கேம்ப். வெள்ளைக்காரன் காசு குடுத்து இருக்கற கேம்ப்."

"ஐயோ பாவம், அவனுக்கு என்ன கஷ்டமோ."

மேலதிகாரி ஒரு தடித்த கையேட்டைக் கொடுத்தார். ஐரோப்பாவில் வண்டி நிறுத்தும் இடங்கள் அத்தனையும் அதில் இருந்தன. பாரிஸ் பக்கத்தில் ஓர் இடத்தை அவரே பென்சிலால் குறித்திருந்தார். நகரத்தின் ஓரத்திலேயே ஆற்றங்கரை, வாசலில் பஸ், நடந்தே போகலாம் என்றுகூடச் சொன்னார். குறை என்று பார்த்தால் மரம் கம்மி, கொஞ்சம் இரைச்சல்.

மரம் கம்மி. அந்த இரண்டு சொல்லில் என் மனம் அந்த இடத்தை நிராகரித்துவிட்டது. ஆனாலும் நான் முறைப்படி போகிறவன். டெண்டருக்கு வந்த கொட்டேஷன்களை ஒப்பிடுவது போல மூன்று இடங்களை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் நிழல், தண்ணீர், மேற்கு வெயில், தூரம் என்று மதிப்பெண் போட்டேன். தூரத்துக்கு ரொம்பக் குறைவான மதிப்பெண். தினமும் ஷார்ஜாவிலிருந்து அபுதாபி சைட்டுக்கு ஓட்டிப் போய்த் திரும்புகிறவனுக்கு நாற்பது கிலோமீட்டர் என்ன தூரம்? மூன்றாவது இடம் பெரிய காட்டுக்குள் இருந்தது. 'அடர்ந்த நிழல்' என்று கையேடே சொல்லியது. அங்கிருந்து ஸ்டேஷனுக்கு பஸ், ஸ்டேஷனிலிருந்து நகரத்துக்கு ரயில். அதைத் தட்டெழுதிய கடிதத்தில் பதிவுசெய்தேன். பெரிய மரமாகப் பார்த்து, அதன் கிழக்குப் பக்கம் இடம் தருமாறு ஒரு வரி சேர்த்தேன்.

எதிர் ஃபிளாட்டில் யாழ்ப்பாணத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். ஒரு அலுவலகத்தில் செக்ரட்டரி. கணவருக்குப் புஜைரா துறைமுகத்தில் வேலை, வார விடுமுறைக்குத்தான் வருவார். எங்கள் துளசித் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றும் பொறுப்பை அவளிடம் ஒப்படைத்தோம்.

"பாரிசுக்கோ போறியள், அண்ணை? லைட் பாக்கிறதெண்டு அக்கா ஒரு மாசமாச் சொல்லிக்கொண்டிருக்கிறா. வடிவாக் காட்டிக்கொண்டு வாங்கோ."

"எல்லாம் பிளான் பண்ணியாச்சு," என்றேன். அந்தத் தொனியை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

ஜூலையில் போனோம். ஜெர்மனியில் வண்டி எடுத்த நிமிடத்திலிருந்து மழை. வண்டிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமலேயே இரண்டு நாடுகளைக் கடந்தேன். காட்டு முகாமுக்கு வந்து சேர்ந்தபோது அலுவலகத்திலிருந்த பெண்மணி என் கடிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு, கூட வேலை செய்பவர்களையெல்லாம் அழைத்துக் காட்டினாள். நிழல் கேட்டு ஒருவர் எழுதுவது அங்கே அதுதான் முதல்முறை போலிருந்தது. மகிழ்ச்சியோடு எங்களை முகாமின் கடைசி மூலைக்கு அனுப்பினாள். ராட்சச மரங்கள். அந்தப் பக்கம் வேறு ஒரு வண்டி இல்லை. 'பிடித்தோம் பார் மரம்' என்று எனக்குள் ஒரு குரல் கேட்டது. ஷார்ஜாவில் அப்போது நாற்பத்தைந்து டிகிரி. அந்த நினைப்பே சுகமாக இருந்தது.

சுகம் அரை மணி நேரம். மழை நின்ற பிறகும் மரம் நிற்கவில்லை, சொட்டிக்கொண்டே இருந்தது. துவைத்துப் போட்ட துணி, போட்டபோது இருந்ததைவிட ஈரமானது. மகளுக்கு ஜலதோஷம். மனைவி இரண்டு ஸ்வெட்டர் போட்டு, அதன் மேல் என் கோட்டையும் போட்டுக்கொண்டு ரசம் வைத்தாள். முகாமின் மற்ற குடும்பங்கள் அத்தனையும் வாசலருகே இருந்த மரமில்லாத புல்வெளியில் நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. மேகம் விலகி வெயில் ஒரு பாய் அகலத்துக்கு விழுந்தால், டச்சுக்காரர் ஒருவரும் அவர் மனைவியும் நாற்காலியோடு ஓடிவந்து அதில் உட்கார்வார்கள். வெயில் நகர்ந்தால் நாற்காலியும் நகரும். எங்கள் வெள்ளிக்கிழமையை யாரோ சட்டையைத் திருப்பிப் போட்டதுபோலப் போட்டிருந்தார்கள். அவர் என்னையும் கையசைத்து அழைத்தார். நான் அனிச்சையாக இரண்டடி நிழலுக்குள் பின்வாங்கினேன்.

இரண்டு நாள் அப்படியே போயிற்று. மகளுக்குக் கஷாயம், எனக்கு முதுகுவலி. அந்த மரங்களுக்கடியில் மத்தியானமே விளக்குப் போட வேண்டியிருந்தது. ஐந்து மணிக்குத் திரையை இழுத்துவிட்டு, ஏழு மணிக்கெல்லாம் போர்த்திக்கொண்டு படுத்துவிடுவோம். வெளியே எப்போது இருட்டுகிறது என்று பார்க்கும் எண்ணமே வரவில்லை. உள்ளேதான் எப்போதும் இருட்டாக இருந்ததே.

மூன்றாம் நாள் மழை இல்லை. மறுநாள் காலை வண்டியைத் திருப்பிக்கொண்டு கிளம்பியாக வேண்டும். ஆகவே பாலத்துக்கு இருந்தது அந்த ஒரு சாயங்காலம்தான். மனைவி நீலப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டாள். பஸ், ரயில், பிறகு நடை. ஆறு மணி வாக்கில் பாலத்தின் மேல் நின்றோம். காலண்டரில் இருந்த அதே பாலம். அதே விளக்குக் கம்பங்கள். வெயில் மட்டும் நம் ஊரில் மூன்று மணிக்கு அடிப்பதுபோல அடித்துக்கொண்டிருந்தது.

"இன்னும் ஒரு மணி நேரம்," என்றேன்.

ஏழு மணிக்கும் வெயில் அடித்தது. எட்டு மணிக்கு அது இன்னும் தெளிவாக அடித்தது. ஐரோப்பிய நாவல்களில் கோடைக்கால மாலைகள் நீளமானவை என்று எத்தனையோ பக்கங்களில் படித்திருக்கிறேன். காதலில் இருப்பவர்களுக்கு அப்படித் தோன்றும் என்று நினைத்துப் பக்கத்தைப் புரட்டியிருக்கிறேன். வானசாஸ்திரத் தகவலை இலக்கியம் என்று எண்ணியது என் தவறா, எழுதியவர்களின் தவறா? தினமும் சூரியனுக்குக் கணக்கெழுதிச் சம்பளம் வாங்குகிறவன், சூரியன் எல்லா ஊரிலும் ஷார்ஜா டூட்டி டைம்தான் பார்க்கும் என்று நம்பியிருந்தேன்.

"அப்பா, திஸ் இஸ் நாட் ஈவன் ஈவினிங்," என்றாள் மகள், மூக்கைத் துடைத்துக்கொண்டே.

பாலத்தில் நின்ற போலீஸ்காரரிடம் போய், கம்பத்தைக் காட்டி, கையை விரித்துக் கேட்டேன். அவர் தன் கடிகாரத்தில் பத்தைத் தாண்டிய ஒரு இடத்தில் விரலை வைத்தார். ஸ்டேஷனிலிருந்து காட்டுக்குப் போகிற கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமென்றால் நாங்கள் அப்போதே ரயிலுக்குக் கிளம்பியாக வேண்டும்.

திரும்பி வந்து சொன்னேன். மனைவி கைப்பிடிச் சுவரிலிருந்து கையை எடுக்கவில்லை.

"இன்னும் கொஞ்ச நேரம் நிக்கலாமே."

"கடைசி பஸ் போயிடும்மா."

"போனா என்ன ஆகும்?"

"அங்க போறதுக்கு வேற வழி கிடையாது. காடு."

அவள் கம்பத்தின் உச்சியிலிருந்த கண்ணாடிக் கூண்டை அண்ணாந்து பார்த்தாள். உள்ளே பல்பு இருக்கிறதா என்று சோதிப்பதுபோல இருந்தது. "சரி, ஒரு போட்டோவாவது எடுங்க," என்றாள். எடுத்தேன். வெயில் நேராக முகத்தில் அடித்ததால் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றாள். ரயில் ஏறினோம். ஜன்னல் வழியே ஒவ்வொரு ஸ்டேஷனும் பளிச்சென்று, நல்ல பகலாக வந்து போயிற்று. பஸ்ஸைப் பிடித்தோம். காட்டுக்குள் நுழைந்ததும் கும்மிருட்டு.

மனைவி கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். ஷார்ஜாவுக்கு வந்து பெட்டியைப் பிரித்து, ஈரவாடை போகத் துணிகளையெல்லாம் மொட்டைமாடி வெயிலில் காயப்போட்டாள். பத்து நிமிடத்தில் காய்ந்தன.

போட்டோக்கள் கழுவி வந்த அன்று எதிர் ஃபிளாட்டுப் பெண் துளசியைப் பற்றி நல்ல செய்தி சொல்ல வந்தாள். மனைவி ஆல்பத்தை அவள் கையில் கொடுத்துவிட்டு டீ போட உள்ளே போனாள். அந்தப் பெண் பாலத்துப் படத்தில் நிறுத்தினாள்.

"அக்கா நல்ல வடிவாய் நிக்கிறா. லைட்டைத்தான் காணேல்லை?"

நான் விளக்கினேன். பூமியின் சாய்விலிருந்து தொடங்கினேன். வடக்கே போகப் போகக் கோடையில் பகல் ஏன் நீள்கிறது என்பதற்கு ஒரு ஆரஞ்சுப் பழத்தைக்கூட எடுத்துக் காட்டினேன். முகாம் இருந்த காடு, ஸ்டேஷனுக்கும் காட்டுக்கும் நடுவே ஓடும் பஸ், கடைசி பஸ்ஸுக்கு ஏற்ற ரயில் என்று எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். சொல்லச் சொல்ல, அந்தச் சாயங்காலம் நான் செய்ததைத் தவிர மனிதனால் வேறு எதுவும் செய்திருக்க முடியாது என்று எனக்கே நிச்சயமாகிக்கொண்டு வந்தது. அவள் பொறுமையாகக் கேட்டாள். உள்ளே டம்ளர் சத்தம் நின்றிருந்தது.

"அதெல்லாம் சரி, அண்ணை," என்றாள். "அந்த ஊரில டாக்சி ஓடுறேல்லையோ?"