கொய்யாக் கம்பு

தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர்கள் குடியிருக்கும் எங்கள் லயத்தில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது, வாத்தியார் முன்னால் நிறுத்தி, "கண்ணு ரெண்ட மட்டும் விட்டுட்டுத் தோல உரிச்சிடுங்கய்யா" என்று சொல்ல வேண்டும். சொல்லாத தகப்பனுக்குப் பிள்ளைமேல் பாசமில்லை என்று பேச்சு வரும். என்னைச் சேர்த்தபோதும் தம்பியைச் சேர்த்தபோதும் அப்பா குறைவைக்காமல் சொன்னார்.

வாத்தியார் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பழைய கொழுந்துக் கொட்டகைதான் பள்ளிக்கூடம். குளிரில் நடுங்கும் பிள்ளைகளை அடுப்போரம் உட்காரவைத்துத்தான் பாடத்தையே தொடங்குவார். எங்களுக்குக் கொண்டாட்டம், அப்பாவுக்குக் கவலை. தன்னைப் போல நாங்களும் மலையிலேயே கிடந்து சாகக் கூடாது என்பது அவர் ஆசை. தம்பியோ ஒரு வருஷமாகியும் 'ஊ'வைத் தாண்டவில்லை. அடியாத மாடு படியாது என்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை கொய்யாக் கம்பு ஒன்றை வெட்டி, கணுவெல்லாம் சீவி, வாத்தியாரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்.

"அடிக்காத வாத்தியார நம்பி நாங்க எப்படிங்கய்யா மலைக்குப் போறது?"

வாத்தியாரின் முகம் சுண்டிப்போனது.

அந்த வாரமே தம்பி பாடத்தின் நடுவில் பலகைமேல் தலைசாய்த்தான். முந்தின வாரமாக இருந்தால் வாத்தியார் அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்திருப்பார். அன்று கம்பால் இரண்டு போட்டு, வெளியே தூறலில் நிற்கவைத்தார். அவனுக்கு உடம்பு சுடுவது காலையிலேயே எனக்குத் தெரியும். வாயைத் திறந்தால் எனக்கும் விழுமே என்று சும்மா இருந்துவிட்டேன். இதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அவன் சுருண்டு விழுந்ததும் வாத்தியாரே தோளில் போட்டுக்கொண்டு லயத்துக்கு ஓடிவந்தார். அப்பா அவனைத் தூக்கிக்கொண்டு பதுளை ஆஸ்பத்திரிக்கு நடந்தார். மூன்றாம் நாள் வெறுங்கையோடு திரும்பினார்.

காரியம் முடிந்த மறுநாள் அப்பா பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்டபோது லயமே பின்னால் போனது. வாத்தியாரை அடிக்கத்தான் போகிறார் என்று நானும் ஆசையோடு ஓடினேன். வாத்தியார் எழுந்து, தப்புச் செய்த பிள்ளை மாதிரி கையை நீட்டிக்கொண்டு நின்றார். அப்பா மேசைமேல் இருந்த கம்பை மட்டும் எடுத்துக்கொண்டார்.

"நான் சொன்னதத்தானுங்கய்யா நீங்க செஞ்சீங்க. இந்தப் புள்ள ஒண்ணுதான் மிச்சம். பாத்துக்குங்க" என்று என்னை அவரிடமே விட்டுவிட்டுப் போனார்.

அப்பா பயந்துவிட்டார் என்று எனக்கு ஒரே ஆத்திரம். பல மாதம் அவரோடு முகம்கொடுத்துப் பேசவில்லை. கம்பை அவர் அடுப்பில் போடவில்லை. தன் பாய்க்கடியில் வைத்து அதன்மேலேயே படுத்தார். காலையில் பாயைச் சுருட்டும்போதெல்லாம், இதை வைக்க வேறு இடமா கிடைக்கவில்லை என்று நான் அலுத்துக்கொள்வேன்.