ரிவர்ஸ்டன் தாண்டி ஒரு கழிப்பு

போன மாதம் ஒரு சனிக்கிழமை மாத்தளையிலிருந்து லக்கல பக்கம் போய் வந்தேன். சுற்றிப் பார்க்கப் போகவில்லை. என் தங்கச்சி சுதாவுக்கு வலிப்பு வரும். மாத்திரையால் அடங்கியிருந்தது, ஒரு கல்யாண வீட்டில் திடீரென்று வந்துவிட்டது. ஊரே பார்த்துவிட்டதே என்பதுதான் அவள் புருஷன் ரவியின் கவலை. படித்தவர், அரசாங்க உத்தியோகத்தர். யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள், கழிப்பு கழிக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். அவளை அவரோடு தனியே அனுப்ப மனமில்லாமல் நானும் ஏறிக்கொண்டேன்.

காலை ஆறு மணிக்கு நஸார் நானாவின் ஆட்டோவில் புறப்பட்டோம். போகிறவர்கள் ரத்தோட்டையிலேயே தேத்தண்ணி குடித்துவிடுங்கள், அதற்கு மேல் கடை குறைவு. ரிவர்ஸ்டன் மலையுச்சியில் காற்று ஆளையே தள்ளுகிறது, பனிமூட்டத்தில் முன்னால் வரும் வாகனம் தெரியாது. மலை இறங்கினால் வெயில் சுள்ளென்று ஏறும். இவ்வளவு அழகான பாதையில் பல்லைக் கடித்துக்கொண்டே போனவள் நானாகத்தான் இருப்பேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஆள்மேல் ஏறிய கெட்டதைப் பொருள்களில் இறக்கி, முச்சந்தியில் கொண்டுபோய் விடுவதுதான் கழிப்பு. சொல்லில் ஒரு மந்திரமும் இல்லை. பத்தில் மூன்றைக் கழி என்று பள்ளிக்கூடத்தில் சொல்வார்களே, அதே கழி. இருப்பதிலிருந்து வேண்டாததை எடுத்துப் போடுவது, அவ்வளவுதான். வேண்டாதது எது என்று யார் முடிவு செய்வது? எனக்கு எரிச்சல் அங்கேதான்.

லக்கலயில் ரவி விசாரித்து வைத்திருந்த பூசாரி வாழைமடலில் ஒரு தட்டுச் செய்து, மஞ்சள் சோறு, எலுமிச்சை, செவ்வரத்தம்பூ எல்லாம் வைத்து சுதாவின் தலையைச் சுற்றினார். பிறகு கேட்டார்:

"மாத்திர கொண்டாந்திருக்கீங்களா? அதையும் இதுல வைங்க. நோய்க்குச் சொந்தமான எதுவும் வீட்டுக்குத் திரும்பக் கூடாது."

ரவி அவள் கைப்பையைத் திறந்து மாத்திரை அட்டையை எடுத்து வைத்தார். அவளைக் கேட்கவே இல்லை! திடீரென்று நிறுத்தினால் வலிப்பு மோசமாக வரும் என்று டாக்டர் சொன்னபோது பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டியவர் இவர்தான்.

முச்சந்தியில் தட்டை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடக்க வேண்டுமாம். நடந்தோம். சுதா என் கையைப் பிடித்தாள்.

"அக்கா, இன்னைக்கு ராத்திரிக்கு வேற மாத்திர இல்ல."

"அவருகிட்ட சொன்னியா?"

"சொன்னேன். பூசாரி முன்னுக்கு மானத்த வாங்காதன்னாரு."

எனக்கு உச்சந்தலைவரை கொதித்தது. முச்சந்திக்கே திரும்பி நடந்தேன்.

"அக்கா, திரும்பாதீங்க! கழிச்சதெல்லாம் அவ மேலயே வந்துரும்!" ரவி கத்தினார்.

"வரட்டும்! வர்றது அவ மருந்துதான்!"

தட்டிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து, ஒட்டியிருந்த சோற்றைச் சேலையில் துடைத்தேன். நஸார் நானாவும் ஆட்டோவை விட்டு இறங்கிவிட்டார்.

"தங்கச்சி, அத மட்டும் வண்டியில ஏத்தாதீங்க. இன்னும் மலை ஏறி எறங்கணும்."

அந்த நேரம் அவரையும் சேர்த்துத் திட்டியிருப்பேன். அதற்குள் சுதா நின்றாள். திரும்பினாள். முச்சந்தியை நேராகப் பார்த்தபடி என்னிடம் வந்து கையை நீட்டினாள்.

"குடுங்கக்கா. என்னோடது."

வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, யாரையும் கேட்காமல் முதலில் ஏறி உட்கார்ந்தாள். நஸார் நானா முணுமுணுத்துக்கொண்டே வண்டியை எடுத்தார். பத்திரமாகத்தான் வீடு வந்து சேர்ந்தோம்.

லக்கல போகிறவர்களுக்கு: பஸ் குறைவு, திரும்பும் வண்டியை முதலிலேயே பேசிவிடுங்கள். மாலையில் யானை நடமாட்டம் உண்டு, வெளிச்சத்திலேயே மலை ஏறிவிடுங்கள். கழிப்போ, நேர்த்திக்கடனோ, எதற்காகப் போனாலும் மருந்து எடுக்கிறவர்கள் ஒரு அட்டையை யாருக்கும் தெரியாத இடத்தில் வைத்திருங்கள். ஆம், புருஷனுக்கும் தெரியாமல்தான்.

அன்று இரவு சாப்பாட்டு மேசையில் சுதா எல்லோருக்கும் முன்னால் மாத்திரையைப் போட்டுத் தண்ணீர் குடித்தாள். ரவிதான் திரும்பிப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்.