இடுப்பு முப்பத்தாறு

என் அத்தான் முன்னால் உட்கார்ந்து ஒரு பிஸ்கட்டை நிம்மதியாகத் தின்றவர் எவரும் கிடையாது. நான் முயன்று பார்த்திருக்கிறேன். பாக்கெட்டைப் பிரிக்கும் சத்தம் கேட்டாலே போதும், அடுத்த அறையிலிருந்து குரல் வந்துவிடும்.

"மச்சான், அது எத்தனாவது?"

அத்தான் என்றால் என் அக்காளின் கணவர். தீயணைப்பு நிலையத்தில் பெரிய வண்டியின் டிரைவர். நான் கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க ஸ்டூலில் உட்கார்ந்து மற்றவர்கள் மூக்குக்கு ஃபிரேம் பொருத்துகிறவன். ஞாயிற்றுக்கிழமை தோறும் அக்கா வீட்டில் மதியச் சாப்பாடு. அதில் பாதி சாப்பாடு, மீதி உபதேசம்.

"தட்டுல பாதி காய்கறி, கால்வாசி சோறு, கால்வாசி முட்டையோ பருப்போ. சர்க்கரையைத் தொடாதே. சும்மா நடந்தா மட்டும் பத்தாது மச்சான், கனம் தூக்கணும். தசை வளர்ந்துச்சுன்னா நீ சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் அது கொழுப்பைத் தின்னும்."

எல்லாம் சரியான பேச்சுதான். ஆனால் இதைச் சொல்லிக்கொண்டே மூன்றாம் முறை சோறு வாங்குவார். நான் அந்தத் தட்டை ஒரு பார்வை பார்ப்பேன். "எனக்கு ஒட்டாது, உடம்பு வாகு அப்படி" என்பார். சட்டைக்கு முன்னால் மேடாக ஏதோ தெரிகிறதே என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். அது தொப்பை இல்லையாம், மூச்சாம். நெருப்பு அணைக்கிறவனுக்கு நெஞ்சு நிறையக் காற்று வேண்டுமாம்.

எடை மெஷின் மேல் அவருக்கு நம்பிக்கை இல்லை. "ரெண்டு டம்ளர் தண்ணி குடிச்சா அரை கிலோ ஏத்திக் காட்டும். பேன்ட்டு மட்டும்தான் பொய் சொல்லாது. இங்க பாரு!" என்று இடுப்புப் பட்டியைத் திருப்பிக் காட்டுவார். உள்பக்கம் சிவப்பு நூலில் '36' என்று அழகாகத் தைத்திருக்கும். கல்யாணத்தன்றும் முப்பத்தாறு, பதினோரு வருஷம் கழித்து இன்றும் முப்பத்தாறு. நிலையத்தில் அவருக்குப் பட்டப்பெயரே முப்பத்தாறுதான்.

பேன்ட் தைப்பது அக்கா. முன்னறையில் ஜன்னலோரம் அவள் தையல் மெஷின். பள்ளிக்கூடச் சீருடை, திரைச்சீலை, தலையணை உறை என்று எதுவும் தைப்பாள். தீயணைப்பு நிலையத்தில் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை சீருடைக்குத் துணியாகக் கொடுப்பார்கள். அத்தான் அதைக் கொண்டுவந்து மெஷின் மேல் வைத்து, "அதே அளவு" என்பார். அளவெடுக்க நிற்கக்கூட மாட்டார். என் பேன்ட்டும் அக்கா கைதான். நான் நாற்பது. குண்டு என்பதை நான் மறைத்ததில்லை. ஆனால் ஆறு வருஷமாக அதே நாற்பது, அரை அங்குலம் ஏறவில்லை. பிஸ்கட்டால் எனக்குக் கெடுதல் இல்லை என்பதற்கு வேறென்ன அத்தாட்சி வேண்டும்?

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில், தீயணைப்பு நிலையத்து உடல் பரிசோதனைக்குப் புது டாக்டர் ஒருத்தி வந்து சேர்ந்தாள்.

பெரிய வண்டி ஓட்டுகிறவருக்கு இடுப்பு நாற்பது அங்குலத்தைத் தாண்டக்கூடாது என்று அவர்கள் துறையில் ஒரு விதி. பழைய டாக்டர் ஆளை ஏற இறங்கப் பார்த்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவார். இந்த அம்மாள் டேப்பை எடுத்தாள். அடுத்து நடந்ததை, மூக்குக்கண்ணாடி மாற்ற வந்த, அதே நிலையத்து ஏணிக்காரர் ஒருவர் என் கடையில் உட்கார்ந்து நடித்தே காட்டினார்.

நாற்பத்து நான்கு.

"டேப்பு பழசும்மா" என்றாராம் அத்தான். அந்த அம்மாள் பேசாமல் உறை பிரித்துப் புது டேப் எடுத்து அளந்தாளாம். நாற்பத்து நான்குதான். அத்தானுக்கு ரோஷம் வந்துவிட்டது. வரிசையில் பன்னிரண்டு பேர் நிற்க, இடுப்புப் பட்டியைத் திருப்பிச் சிவப்பு நூலைக் காட்டியிருக்கிறார்.

"யார் தைச்சது?" என்று கேட்டாள் டாக்டர்.

"என் சம்சாரம்."

"ரொம்ப நல்லாத் தைக்கிறாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, நான்கு மாதம் தவணை என்று எழுதினாளாம். அதற்குள் நாற்பதுக்கு வரவில்லை என்றால் வண்டியை விட்டு இறங்கி ஸ்டோர் ரூமுக்குப் போகவேண்டும். ஏணிக்காரர் சிரித்த சிரிப்பில் நான் மாட்டிய ஃபிரேம் கழன்று விழுந்தது.

எனக்குச் சிரிப்பு வந்தது, அடுத்த நிமிஷமே அந்த வண்டி ஞாபகம் வந்தது. ஒன்பது வருஷமாக அத்தான் ஓட்டும் வண்டி அது. கழுவுவதற்குக்கூட இன்னொருவரை விடமாட்டார். அதன் கிளட்ச் எந்த இடத்தில் பிடிக்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். அந்த ஸீட்டிலிருந்து இறக்கி, தண்ணீர் ஹோஸ் அடுக்கும் அறையில் நாற்காலி போட்டால் மனிதர் ஒடிந்துபோவார்.

அவருக்கு ஒரு நாள் டியூட்டி, ஒரு நாள் ஓய்வு. டியூட்டி நாள் பார்த்து அக்காளிடம் போனேன்.

"அக்கா, உண்மையைச் சொல்லு. அத்தான் முப்பத்தாறா?"

அவள் பல்லால் நூலைக் கடித்துத் துப்பினாள். "கல்யாணத்தப்ப முப்பத்தாறு."

"இப்ப?"

"அந்த டாக்டரம்மா சரியாத்தான்டா அளந்திருக்காங்க."

கல்யாணமான முதல் வருஷம் பேன்ட் இறுகியதாம். உடனே அத்தான் சோற்றை அடியோடு நிறுத்தி, மூன்று நாள் வெறும் தண்ணீரில் இருந்து, பயிற்சி நேரத்தில் ஏணியிலிருந்து மயங்கி விழுந்தார். அப்போது அக்கா வயிற்றில் பாப்பா. பயந்துபோனவள் பின்தையலைப் பிரித்து அரை அங்குலம் விட்டுத் தைத்தாள். அவரிடம் சொல்லவில்லை. 'பார்த்தியா, மூணு நாள்ல குறைஞ்சிட்டேன்' என்று அவர் துள்ளிக் குதித்தபோது சொல்ல மனம் வரவில்லை. அப்புறம் இன்னொரு அரை அங்குலம். பிறகு இன்னொன்று. சட்டைக்குப் பக்கத் தையல். பெல்ட்டுக்கு பக்கிள் மறைக்கும் இடத்தில் ஒட்டு. புதுத்துணி வந்தால் அப்போதைய அளவுக்கு வெட்டி, உள்ளே சிவப்பு நூலில் 36.

"பதினோரு வருஷமா!" என்றேன். "அந்த முப்பத்தாறை வெச்சு இந்த மனுஷன் என் உசிரை வாங்கினாரே!"

"கத்தாதேடா. அவருகிட்ட மூச்சு விட்டே, உனக்கு இங்க சாப்பாடு கிடையாது."

வாயை மூடிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு அப்படி.

டேப்பில்தான் கோளாறு என்பதில் அத்தானுக்குச் சந்தேகமே இல்லை. இனி எந்த டேப்பும் தன் பக்கம் வரக்கூடாது என்று வீட்டில் உத்தரவு போட்டார். இருந்தாலும், எதற்கும் இருக்கட்டும் என்று, பதினோரு வருஷமாக எனக்குச் சொன்ன உபதேசத்தைத் தனக்கே சொல்லிக்கொண்டார். தட்டில் பாதி காய்கறி. சோறு ஒரு கைப்பிடி, அதுவும் பாப்பாவின் கைப்பிடி. தினம் மூன்று முட்டை. காலையில் தண்டால். டியூட்டி நாளில் ஹோஸ் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு பயிற்சிக் கோபுரத்தின் ஐந்து மாடி ஏறி இறங்கினார், அதுவும் ஆறு தடவை. முதல் வாரம் முழங்கால் மடங்காமல் நாற்காலியில் விழுந்துதான் உட்கார்ந்தார்.

மூன்றாம் வாரம் பேன்ட் கொஞ்சம் தளர்ந்தது. வந்தது வினை.

"மச்சான், முப்பத்தஞ்சு!" என்று இடுப்புப் பட்டிக்குள் விரலை விட்டுக் காட்டினார். "இது போதும். இதுக்குமேல குறைஞ்சா மூஞ்சி வாடிப்போகும்." அன்றைக்கு இரண்டாம் முறை சோறு வாங்கினார். அக்கா என்னைப் பார்த்தாள், நான் சுவரைப் பார்த்தேன். அவர் கணக்கில் முப்பத்தைந்து, டாக்டர் டேப்பில் நாற்பத்து மூன்று.

மறுநாள் அவர் டியூட்டிக்குப் போனதும் அக்கா ஓய்விலிருந்த பேன்ட்டை எடுத்து அரை அங்குலம் உள்ளே பிடித்துத் தைத்தாள். அடுத்த டியூட்டி நாளில் மற்றதை. அத்தான் மாட்டிப் பார்த்தார், இறுகியது. "ஒரு நாள் ரெண்டு பிடி கூடச் சாப்பிட்டதுக்கு இப்படியா!" என்று நடுங்கிப்போய், கோபுரத்தை எட்டுத் தடவையாக்கினார்.

"லூஸா விட்டா நிறுத்திடுவாருடா. வேற என்ன பண்ணச் சொல்றே?" என்றாள் அக்கா. யோசித்துப் பார்த்தேன். அவள் சொல்வதில் தப்பே தெரியவில்லை. அன்று என் புத்தியும் அவ்வளவுதான்.

அத்தான் குறையக் குறைய அக்கா பிடித்துக்கொண்டே போனாள். பேன்ட் ஒரு நாளும் தளரவில்லை. போதாக்குறைக்குச் சட்டையின் கைகள் இறுகத் தொடங்கின. ஹோஸ் தூக்கித் தூக்கிப் புஜம் திரண்டுவிட்டது. அது தசை என்று எனக்கும் அக்காளுக்கும் தெரிந்தது. அவர் மட்டும் கையைப் பிடித்துப் பார்த்து, "கொழுப்பு கைக்கும் ஏறிடுச்சு மச்சான்" என்றார்.

பன்னிரண்டாம் வாரம் ஞாயிற்றுக்கிழமை அவர் சாப்பிட உட்காரவில்லை. ஒரு காகிதத்தை என்னிடம் நீட்டினார். "எழுத்துப் பிழை இருக்கா பாரு."

'என் உடம்பு ஒத்துழைக்க மறுப்பதால், என்னை நானே ஸ்டோர் ரூமுக்கு மாற்றிக்கொள்ள அனுமதி வேண்டுகிறேன்' என்று இருந்தது. பிழை ஒன்றும் இல்லை.

"அவங்க இறக்கிவிடறதுக்கு முன்னாடி நானே இறங்கிடறேன்" என்றார். "பன்னெண்டு வாரம் மச்சான். நான் சொன்னதை எல்லாம் நானே செஞ்சு பார்த்துட்டேன். ஒரு நூல் குறையல. இத்தனை வருஷம் உனக்குத் தப்புத் தப்பா சொல்லியிருக்கேன் போல. மனசுல வெச்சுக்காதே."

அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டு அதற்குமுன் நான் கேட்டதில்லை. கண் வேறு கலங்கியிருந்தது. அதைப் பார்க்க என்னால் முடியவில்லை. அக்காளைத் தேடினேன். அவள் அதற்குள் எழுந்து போய், மெஷின் அடியிலிருந்த துணி மூட்டையை இழுத்துவந்து நடு அறையில் அவிழ்த்தாள். ஆறு சீருடைப் பேன்ட்டுகள். ஒன்றின் மேல் ஒன்றாகத் தரையில் விரித்தாள். கல்யாண வருஷத்தது எல்லாவற்றுக்கும் மேலே, போன தடவைத் துணி எல்லாவற்றுக்கும் கீழே, இப்போது போடுவது மட்டும் தனியாக ஓரத்தில். அடுக்கியவை இரண்டு பக்கமும் படிக்கட்டு மாதிரி இறங்கின. ஆறிலும் சிவப்பு நூலில் 36.

அத்தான் முட்டி போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்.

"இது?"

"பாப்பா பொறந்த வருஷம். எனக்குக் குடுத்ததை எல்லாம் நீங்கதான் சாப்பிட்டீங்க."

"இது?"

"பெரிய வண்டி கிடைச்சப்ப. தினம் யாராவது விருந்து வெச்சாங்க."

"ஏம்மா சொல்லல?"

"மூணு நாள் பட்டினி கெடந்து ஏணியிலேர்ந்து விழுந்தீங்க. நீங்க விழறதைவிட பேன்ட்டு பெருசா இருந்துட்டுப் போகட்டுமேன்னு நினைச்சேன்." அக்காளின் குரல் உடைந்தது. "அப்புறம் எப்படிச் சொல்றதுன்னே தெரியாமப் போச்சுங்க."

அத்தான் ஓரத்தில் கிடந்த பேன்ட்டைத் திருப்பிப் பின்தையலைப் பார்த்தார். பிரித்துத் தைத்த ஊசித்துளைகள் வரிவரியாக இருந்தன.

"இதெல்லாம் உள்ளே வாங்கியிருக்கே?"

"ஏழு தடவை பிடிச்சிருக்கேன். நீங்க நிறுத்திடுவீங்கன்னு."

"அப்போ..." என்று எழுந்தார். "அப்போ நான் குறைஞ்சிருக்கேனா?"

"மூணரை இஞ்ச்."

பூகம்பத்துக்குத் தயாராக நான் கதவோரம் போய் நின்றிருந்தேன். அத்தானோ அந்தக் கடிதத்தை எட்டாகக் கிழித்து என் கையில் கொடுத்தார். பதினோரு வருஷப் பொய்யை அந்த மூன்றரை அங்குலத்துக்காக அந்த இடத்திலேயே மன்னித்துவிட்டார். இரு கையையும் தூக்கிக்கொண்டு, "டேப்பை எடு" என்றார்.

நாற்பதரை. இன்னும் நான்கு வாரம் இருந்தது.

"மச்சானுக்கு இது தெரியுமா?" என்று திடீரென்று கேட்டார். நான் சாப்பாட்டு அறைக்கு நகர்ந்துவிட்டேன்.

இரண்டாம் பரிசோதனையில் முப்பத்தொன்பதரை. டாக்டர் கேட்காமலே அத்தான் பட்டியைத் திருப்பிக் காட்டினாராம். சிவப்பு நூலில் 39½ என்றே இருந்தது. "இப்ப இன்னும் நல்லாத் தைக்கிறாங்க" என்று டாக்டர் கையெழுத்துப் போட்டாள். அத்தான் நேரே போய் வண்டியில் ஏறி, எந்த அழைப்பும் இல்லாமலே அரை மணி நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்று ஏணிக்காரர் சொன்னார். எனக்கு அதைக் கேட்டு மனசு நிறைந்துபோயிற்று.

அந்த ஞாயிறு நான் அக்கா வீட்டில் தைரியமாக ஒரு பாக்கெட் பிஸ்கட்டைப் பிரித்தேன். அத்தான் வந்து எதிரே உட்கார்ந்தார். எத்தனாவது என்று கேட்கவில்லை. எனக்கே பாவமாக இருந்தது.

"பரவால்ல அத்தான், கேளுங்க" என்றேன். "பதினோரு வருஷம் உங்களை உங்க பேன்ட்டே ஏமாத்திடுச்சு. அதை நினைச்சா இன்னும் சிரிப்பா வருது. நான் என்னைக்காவது மறைச்சேனா? ஆறு வருஷமா நாப்பது, வெட்ட வெளிச்சமா நாப்பது."

அத்தான் என் இடுப்பைப் பார்த்தார். பிறகு தையல் மெஷினைப் பார்த்தார். மெதுவாகக் கையை நீட்டி, அதன் மேல் கிடந்த டேப்பை எடுத்தார்.

"எந்திரி மச்சான்" என்றார்.

நான் அக்காளைப் பார்த்தேன். அடுப்பில் ஒன்றுமே இல்லை. ஆனாலும் அவளுக்கு அந்த நிமிஷம் சமையலறையில் ஏதோ அவசர வேலை வந்துவிட்டது.