குரூப் கெப்டனின் பராட்டாக் கடை

முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். சாதாரண தரப் பரீட்சையோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கண்டி டவுனில் ஒரு கேர்ட்டன் கடையில் ஜன்னல் அளவெடுத்துத் துணி வெட்டுகிறவன். வாராவாரம் பத்திரிகையின் இந்த மூலையில் எதையாவது எழுதுவதற்கே கை கூசுகிறது. இந்த வாரம் போர் விமானங்களைப் பற்றி எழுதப் போகிறேன் என்றால் அது கொஞ்சம் அதிகம்தான். விஷயம் தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எனக்கு விமானப் பைத்தியம். ஏன் என்று கேட்டால் பதில் இல்லை. "குண்டு போடுற சாமான் மேல அப்படி என்னங்க ஆசை?" என்று என் மனைவி கேட்காத மாதம் கிடையாது. இந்த நாட்டில், அதுவும் தமிழ் பேசுகிற ஒருவன், அந்த ஆசையை வெளியே சொல்லத் தயங்கத்தான் வேண்டும். நானும் தயங்கித்தான் இருந்தேன் – பேஸ்புக்கில் அந்தத் தமிழ்க் குழுவைக் காணும் வரைக்கும்.

அங்கே என்னைப் போல நிறையப் பேர். மட்டக்களப்பு, யாழ்ப்பாணம், சென்னை, டொரொன்டோ... ஒரு விமானத்தின் சக்கரத்தை மட்டும் படம் போட்டு 'இது எது?' என்பார்கள். வாலின் நுனியைக் காட்டி 'எந்தக் காலத்து மொடல்?' என்பார்கள். சரியாகச் சொன்னால் புள்ளி. புள்ளி சேர்ந்தால் பதவி.

ஆமாம், பதவி. எங்கள் குழுவில் எல்லோருக்கும் விமானப்படைப் பதவி உண்டு. சும்மா விளையாட்டுக்கு. நான் பிளைட் லெப்டினன்ட். எனக்கு மேலே ஸ்குவாட்ரன் லீடர்கள், விங் கொமாண்டர்கள். ஒருவரை ஒருவர் அந்தப் பதவியைச் சொல்லித்தான் கூப்பிடுவோம். காலையில் 'குட் மோர்னிங் சேர்' என்றால் பதிலுக்கு ஒரு சல்யூட் பொம்மை வரும். எனக்குப் பதவி உயர்வு வந்த அன்று வீட்டில் சொன்னேன். "சம்பளம் கூடுமா?" என்று மனைவி கேட்டாள்.

இத்தனை மரியாதைக்கும் நடுவில், யாருடைய முகமும் யாருக்கும் தெரியாது. எல்லோருடைய படத்திலும் ஒரு ஜெட். என் படத்திலும்தான். கூச்சக்காரனுக்கு அதைவிட வசதி உண்டா?

முகம் காட்டியவர் ஒருவரே. திகன பாரூக் நானா. (முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் 'நானா' என்போம்.)

வளைகுடா நாடொன்றில் ஒரு விமானத் தளத்தின் சாப்பாட்டு மண்டபத்தில் பல வருடம் சமைத்தவர். இப்போது கண்டிக்குப் பக்கத்தில் திகனயில் சின்னதாக ஒரு பராட்டாக் கடை. விமானத்தின் பெயர் ஒன்றும் அவருக்குச் சரியாக வராது. "அந்த ரெண்டு வால் ஈக்கிற பிளேன்" என்பார். ஆனால் அது கிளம்பும்போது அலுமாரிக்குள் கிளாஸ்கள் எப்படிக் கிலுகிலுக்கும், பறக்கப் போகிறவர்கள் காலைச் சாப்பாட்டில் எதைத் தொடமாட்டார்கள், இறங்கி வந்ததும் சீனியை அள்ளிப் போட்டு எப்படித் தேத்தண்ணி குடிப்பார்கள்... இதெல்லாம் யார் சொல்வார்கள்? அவருடைய வொய்ஸ் மெசேஜுக்காகவே குழுவில் கிடந்தவர்கள் உண்டு. நானும் ஒருவன்.

அவருடைய பிறந்தநாளுக்கு எங்கள் அட்மின் சசி ஒரு வேலை செய்தார். சசி யாழ்ப்பாணத்துக்காரர், வங்கி உத்தியோகத்தர். நானாவின் முகத்தை வெட்டியெடுத்து, சீருடை, தொப்பி எல்லாம் போட்டு, கீழே 'குரூப் கெப்டன் பாரூக், திகன' என்று எழுதிக் குழுவில் போட்டார். ஒரே கைதட்டல். நானா பதிலுக்கு, "இந்த உடுப்போட பராட்டா போட்டா மா ஒட்டுமே சேர்" என்றார்.

அந்தப் படம்தான் போன ஞாயிற்றுக்கிழமை வெளியே போனது.

ஞாயிறு பூசை முடிந்து மாதா கோயிலை விட்டு இறங்குகிறேன். போன்.

"தம்பி... என்னய பொலிஸ் புடிக்குமா?"

நானாவின் குரல் மாதிரியே இல்லை.

"என்ன நானா, என்ன நடந்துச்சு?"

"போன்ல பாருங்க. அனுப்பீக்கிறேன்."

பார்த்தேன். விமானப் பைத்தியங்களின் வேறொரு குழு, எங்களுடையதைவிடப் பெரியது. அதில் 'இரும்புச் சிறகு' என்ற பெயரில் ஒருவர் நானாவின் பிறந்தநாள் படத்தைப் போட்டிருந்தார். மேலே சிவப்பு எழுத்தில், 'திகனயில் போலி விமானப்படை அதிகாரி! பொதுமக்கள் அவதானம்! அதிகம் பகிரவும்!'

பகிர்ந்துகொண்டிருந்தார்கள். கீழே சிங்களத்திலும் கொமண்டுகள் வர ஆரம்பித்திருந்தன. 'யார் இவன்?' 'எந்த இடம்?' 'கடை எது?'

வேறு ஊர் என்றால் சிரித்துவிட்டுப் போகலாம். ஒரு பேஸ்புக் போஸ்ட் ஓர் ஊரை என்ன செய்யும் என்று திகனக்காரருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சில வருடங்களுக்கு முன் இப்படிப் போஸ்டுகள் பரவித்தான் அங்கே முஸ்லிம் கடைகள் எரிந்தன. பெயர் பாரூக். உடம்பில் விமானப்படை உடுப்பு. இதைப் பார்க்கிறவன் நின்று விசாரித்துக்கொண்டா இருப்பான்?

"மகள் கடய மூடச் சொல்றா" என்றார் நானா. "மூடினா, கள்ளன் ஓடிட்டான்னு சொல்லுவாங்க. தொறந்து வெச்சா வந்து நிப்பாங்க. என்ன செய்யிற தம்பி? அந்தப் போஸ்ட் எறங்கணும். எனக்கு வேற ஒண்டும் வாணாம்."

பஸ் ஏறினேன். ஏறி உட்கார்ந்து எங்கள் குழுவைத் திறந்தால்... தலையில் கை வைத்தேன்.

நண்பர்கள் நானாவுக்காகக் களத்தில் இறங்கியிருந்தார்கள். அந்த இரும்புச் சிறகின் போஸ்டுக்குக் கீழேயே போய், 'எங்கள் குரூப் கெப்டன் சேரைத் தொட்டவன் எங்களைத் தொட்டவன்! – விங் கொமாண்டர் குமார்.' 'உத்தரவு கொடுங்கள் சேர்! – ஸ்குவாட்ரன் லீடர்.' வரிசையாக சல்யூட். அந்த மனிதர் ஒவ்வொன்றையும் ஸ்கிரீன்ஷொட் எடுத்து, 'பாருங்கள், ஒரு படையே வைத்திருக்கிறான்' என்று மேலும் மேலும் போட்டுக்கொண்டிருந்தார்.

இதை என்னவென்று சொல்வது? காப்பாற்றப் போனவர்களே ஆதாரம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பழக்கம். 'பாரூக் நானா' என்று எழுத அவர்களுக்குக் கை வரவில்லை.

நான் எழுதினேன்: 'தயவுசெய்து யாரும் பதவி போட்டு எழுதாதீர்கள். நிலைமை மோசமாகிறது.'

விங் கொமாண்டர் குமாரின் பதில் உடனே வந்தது: 'பிளைட் லெப்டினன்ட், மேலதிகாரிகள் பேசும்போது குறுக்கே வர வேண்டாம்.'

அது பகிடியா, உண்மையா? இன்றுவரை எனக்குத் தெரியாது.

சசிக்குப் போன் எடுத்தேன்.

"அண்ணை, பகிடிக்குச் செய்தது. இப்பிடி வருமெண்டு ஆர் கண்டது? எங்கட குழுவில இருந்து படத்தைத் தூக்கிட்டன். ஆனா அது அவங்கட கையில இருக்கே."

"நீங்க செஞ்ச படம்னு உங்க பேர்ல ஒரு விளக்கம் போடுங்களேன் சசி."

"என்ர பெயரிலயோ... எனக்கு பாங்க் வேலை அண்ணை."

அதற்கு மேல் என்ன கேட்பது?

திகனயில் இறங்கியபோது கடை திறந்திருந்தது. நானா மா பிசைந்துகொண்டிருந்தார். கை மாவில், கண் வாசலில். மோட்டார் சைக்கிள் ஒன்று வேகம் குறைத்தாலும் நிமிர்ந்து பார்த்தார். எனக்கு ஒரு கதிரையை இழுத்துப் போட்டார். இருவரும் சேர்ந்து இரும்புச் சிறகுக்கு எழுதினோம்.

'ஐயா, இவர் அதிகாரி இல்லை. அப்படி அவர் ஒருபோதும் சொன்னதும் இல்லை. வெளிநாட்டில் சமையல்காரராக இருந்தவர். அந்தப் படம் நண்பர்களின் பிறந்தநாள் விளையாட்டு.'

பதில்: 'சமையல்காரர் என்பதற்கு ஆதாரம்?'

வாசித்துக் காட்டினேன். நானா என்னைப் பார்த்தார். "எறச்சிக் கறி ஒரு கோப்ப வட்ஸ்அப்ல அனுப்பேலுமா தம்பி?"

அவருடைய மகள் போனை எடுத்து, அவர் பராட்டா வீசுவதை வீடியோ எடுத்தார். அனுப்பினோம். திரும்பி வந்தது ஒரு பெரிய ஆய்வறிக்கை. வீடியோ இடம்வலம் மாற்றப்பட்டிருக்கலாம். நிழல் விழும் பக்கம் நேரத்தோடு பொருந்தவில்லை. காதின் வடிவம் சீருடைப் படத்தோடு முழுமையாக ஒத்துவரவில்லை.

இதை நாங்கள் விமானங்களுக்குச் செய்வோம். மூக்கைப் பார்ப்போம், இறக்கையைப் பார்ப்போம், நிழலைப் பார்ப்போம், படம் பொய் என்று கண்டுபிடித்துக் கொண்டாடுவோம். மிகவும் சுவாரசியமான பொழுதுபோக்கு. எதிரே ஒரு மனிதர் உட்கார்ந்து, தன் காதைத் தானே தொட்டுப் பார்த்துக்கொள்ளும்போதுதான் சுவாரசியம் போய்விடுகிறது.

'நீங்கள் யார் ஐயா?' என்று கேட்டு எழுதினேன்.

'அது தேவையில்லை. கேள்வி கேட்பவன் நான்.'

அவருடைய படத்திலும் ஒரு ஜெட்தான். சக்கரத்தைக் காட்டினால் விமானத்தின் பெயரைச் சொல்லிவிடுகிற கூட்டம் நாங்கள். ஆனால் அந்த ஜெட்டுக்குப் பின்னால் இருக்கிறவர் ஆணா பெண்ணா, கண்டியா கனடாவா... எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

சரி, யாராவது ஒருவர் முகம் காட்டத்தானே வேண்டும்? மகளிடம் என்னைப் படம் எடுக்கச் சொன்னேன்.

"அங்கிள், கொஞ்சம் சிரிங்க. பாஸ்போட் படம் மாதிரி ஈக்கி."

சிரிப்பு வரவில்லை. இரும்புச் சிறகின் போஸ்டுக்குக் கீழே அப்படியே போட்டேன். 'என் பெயர் செபஸ்டியன். கண்டி மஹய்யாவயில் இருக்கிறேன். கேர்ட்டன் கடையில் வேலை. குழுவில் நான் பிளைட் லெப்டினன்ட், ஆனால் ஒரு நாள்கூடப் படையில் இருந்ததில்லை. இந்தப் பதவிகள் எல்லாம் விளையாட்டு. நண்பர்களே, உங்கள் உண்மையான வேலையைக் கீழே சொல்லுங்கள்.'

டொரொன்டோ ஸ்குவாட்ரன் லீடர் முகத்தோடு வந்தார். 'நான் ஸ்கூல் பஸ் ஓட்டுகிறேன்.' மட்டக்களப்பில் இருந்து இன்னொருவர்: 'பார்மசியில் நிற்கிறேன்.' ஆகா, எல்லோரும் வரப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு யாரும் வரவில்லை. விங் கொமாண்டர் குமார் சத்தமில்லாமல் எங்கள் குழுவை விட்டுப் போயிருந்தார்.

கொஞ்ச நேரத்தில் இரும்புச் சிறகின் புதிய போஸ்ட்: 'ஒப்புக்கொண்டார்கள்! மொத்தக் குழுவும் போலி!' பாரூக் நானாவின் படத்துக்குப் பக்கத்தில் என் படம். சுற்றிச் சிவப்பு வட்டம். நல்லது செய்யப் போய் ஒருவருடைய வம்பை இரண்டு பேருடையதாக ஆக்கியிருந்தேன்.

நானா போனை என் கையிலிருந்து மெதுவாக வாங்கினார்.

"போதும் தம்பி. இது முடியாது. நாம சொல்லச் சொல்ல அவன் கேட்டுட்டே ஈப்பான்."

கையைக் கழுவினார். போனோடு தெருவில் இறங்கினார். பக்கத்தில் ஹாட்வெயார் கடை. சிங்கள முதலாளி. உள்ளே ஆணி, பெயின்ட் வாங்க வந்தவர்கள் சிலர். நானும் பின்னாலேயே போனேன். நானா விளக்கம் ஒன்றும் சொல்லவில்லை. போனை நீட்டினார்.

முதலாளி கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். வெகுநேரம் பார்த்தார்.

"இது யாரு நானா?"

"நான்தான் முதலாளி."

"நானாவா?" படத்தைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். "ஐயோ, இந்தத் தொப்பி ரொம்பப் பெரிசு நே!"

வெடித்துச் சிரித்தார். கடையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். போன் கை மாறிக் கை மாறிப் போனது. ஒருவர் நானாவுக்கு ஒரு சல்யூட் அடித்தார். நானாவின் விரல்கள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன்.

பிறகு முதலாளி கீழே இருந்த சிங்களக் கொமண்டுகளை வாசித்தார். சிரிப்பு நின்றது. தன்னுடைய போனை எடுத்து, ஒற்றை விரலால், அவற்றுக்குக் கீழேயே சிங்களத்தில் எழுதினார். இவர் என் பக்கத்துக் கடை பாரூக் நானா. இவருடைய பராட்டாவைத்தான் நான் காலையில் சாப்பிடுகிறேன். சந்தேகம் உள்ளவர்கள் என் கடைக்கு வந்து என்னைக் கேட்கவும். கீழே தன் பெயர், கடையின் பெயர்.

நானா அத்தோடு நிற்கவில்லை. திரீவீல் ஸ்டாண்ட், பேக்கரி, மருந்துக்கடை... எல்லா இடத்திலும் தானே போய்க் காட்டினார். கடைசியில் முதலாளியையும் கூட்டிக்கொண்டு பொலிசுக்கும் போனார். அங்கேயும் பார்த்துச் சிரித்துவிட்டு, இனிமேல் இப்படிப் படம் போட விடவேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்களாம்.

வந்து உட்கார்ந்தார். தேத்தண்ணி வந்தது. மனிதர் குடிக்கவில்லை.

"எல்லாரும் சிரிச்சிட்டாங்க நானா. இனிப் பயமில்ல" என்றேன்.

"சிரிச்சாங்க. நல்லதுதான்." கிளாஸை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் நகர்த்தினார். "தம்பி, அந்தப் படத்த பிரேம் போட நெனச்சீந்தேன்."

நான் கதிரையை அவர் பக்கம் நகர்த்திக்கொண்டேன்.

"அவ்வளவு வருஷம் அங்க சமச்சேன். ஒருத்தன் என்ட பேரக் கேக்கல்ல. 'குக்'. அவ்வளவுதான். இங்க நீங்க எல்லாரும் சேந்து கெப்டன் சேர்ன்னு கூப்பிட்டீங்க. பொய்ன்னு தெரியும். ஆனா காலைல போனத் தொறந்தா... நல்லா ஈந்திச்சி."

உண்மையைக் கண்டுபிடிக்க ஒருவர் நாள் முழுக்கப் பாடுபட்டார். நிழலை அளந்தார், காதை அளந்தார். இந்த உண்மையை மட்டும் அவர் கேட்கவே இல்லை.

மறுநாள் திங்கட்கிழமை. இரும்புச் சிறகின் போஸ்டுகள் எல்லாம், விளக்கம் ஒன்றும் இல்லாமல், எடுக்கப்பட்டிருந்தன. பாரூக் நானாவும் குழுவிலிருந்து விலகியிருந்தார்.